செத்தபின் ஒரு சிரிப்பு

கோரேகாவ், மும்பை
பிப்ரவரி 11

என் அருமை மருமகள் கேதகிக்கு,

உன் தாய்மாமன் கோண்டிபா எழுதுவது. இங்கே நான் நலம், என் தயவில் இந்திப் படவுலகமும் நலம். மிரஜில் நீயும், உன்னிடம் ஓவியம் படிக்கிற பிள்ளைகளும், என்னைத் தவிர உலகத்தில் எல்லோரோடும் பேசுகிற உன் அம்மா இந்து அக்காவும் நலம்தானே?

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் ஒரு மனுஷன் தொடங்கினதை முழுசாகச் சொல்லி முடிக்கலாம். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் அக்கா பிரிக்காமலே அடுப்பில் வைத்துவிடுவாள், அதனால்தான் பள்ளிக்கூட விலாசம்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். முதல் பாகம் ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் ஹீரோ ஓர் அடியாளைத் தலைக்கு மேல் தூக்கி எறிவாரே, எறியப்படுகிற அந்த முதுகு நான். பிறகு ஹீரோ கடலில் குதிப்பாரே, அந்த முதுகும் நான்தான். ஒரே படத்தில் தன்னைத்தானே தூக்கி எறிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இன்னும் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை முதுகு இல்லை, முகம்! எங்கள் சண்டைப் பயிற்சியாளர் ஹனீஃப் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மோஹிதே, மூணாவது மாடி, கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய வரணும். கேமரா உனக்கு நேரா. வயசாயிடுச்சேன்னு பாக்குறேன், பண்ணுவியா?” என்றார். “மாஸ்டர், மாடி தாங்குமான்னு பாத்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். ஆப்பிள் விழுவதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் பெரிய ஆள் ஆகிவிட்டார். நான் அந்த ஆப்பிளாகவே முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு சிலை இல்லை.

படம் தீபாவளிக்கு வருகிறது. உன் கல்யாணம் டிசம்பரில். நம் வழக்கப்படி மணமேடையில் உனக்குப் பின்னால் நிற்கவேண்டிய தாய்மாமன் நான். கராட் பாபு அந்த இடத்துக்கு வருகிறான் என்று காதில் விழுந்தது. அவன் என் அக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, கராட் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். நல்ல உரம்தான். ஆனால் மணமகளுக்குப் பின்னால் நிற்க ஒரு களை வேண்டாமா?

அக்காவிடம் சொல்: கோண்டிபாவின் முகம் மிரஜ் ஸ்டேஷன் ரோடு தியேட்டரில் யானை உயரத்துக்குத் தெரியப்போகிறது.

ஆசிகளுடன்,
உன் தாய்மாமன்,
கோண்டிபா மோஹிதே
(சீனியர் ஃபைட்டர்)

★

மிரஜ்
பிப்ரவரி 23

அன்புள்ள மாமாவுக்கு,

கேதகியின் நமஸ்காரம். உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். தலைமை ஆசிரியை, வருங்கால மாப்பிள்ளை எழுதினதா என்று கேட்டார். ஆனந்த் கடிதம் எழுதுகிற ரகம் இல்லை. எழுதினாலும் வானிலை அறிக்கை மாதிரிதான் எழுதுவார்.

அம்மாவிடம் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“எந்த யானை?”

“மாமா முகம்மா. யானை உயரத்துக்கு.”

“மங்கல் கல்யாணத்துல அவன் காட்டின யானை போதும்டி.”

அப்புறம் முழுக் கதையும் தொடங்கிவிட்டது, எனக்குத் தெரியாத மாதிரி. என் அக்கா மங்கலின் கல்யாணத்துக்கு ஹீரோவையே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்தது. பந்தலுக்கு வெளியே ஜனம் நெரிந்தது. காரிலிருந்து அதே சட்டை, அதே தலைமுடி, அதே நடையோடு ஒருவர் இறங்கினது. பேண்டுக்காரர்கள் ஹீரோவின் பாட்டை வாசிக்க, சம்பந்தி மாலையோடு ஓடிப்போக, அந்த ஆள் திரும்பினதும் மாலை அப்படியே சம்பந்தியின் கையிலேயே நின்றது. பின்னால் பார்த்தால் ஹீரோ. முன்னால் பார்த்தால் ஹீரோவுக்குப் பதிலாக வண்டியிலிருந்து குதிக்கிற டூப். பாவம், அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் இன்றுவரை மங்கல் அக்காவின் மாமியார், “உங்க வீட்டுல எது அசல், எது டூப்புன்னு பாத்துத்தான் எடுக்கணும்” என்று சொல்கிறார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

கடைசியில் மாவைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “முப்பது வருஷமா சினிமா சினிமான்னு சொல்றான். ஒரு படத்துலயாவது அவன் மூஞ்சிய நான் பாத்திருக்கேனா? ஸ்டுடியோ வாசல்ல நின்னு கார் கதவு திறந்து விடுறானோ என்னவோ. திரையில ஒரு தடவை காட்டச் சொல்லு. நானே எந்திரிச்சுப் போய் மேடையில நிக்க வைக்கிறேன். இல்லன்னா கராட் பாபுதான்.”

மாமா, இது அம்மா வாயிலிருந்து வந்த வார்த்தை. அவள் லேசில் வார்த்தை கொடுப்பவள் இல்லை. எனக்குப் பின்னால் நீங்கள்தான் நிற்கவேண்டும். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலிருந்து ‘விழுந்து’ காட்டினது நீங்கள்தானே, உரக்கடைக்காரர் இல்லையே. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். முகம் வரட்டும். வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

ஜெய்சிங்பூர் காரப்பொரி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரர்களுக்கும் கொடுங்கள்.

உங்கள் அன்பு,
கேதகி

★

கோரேகாவ்
மார்ச் 27

என் மருமகள் கேதகிக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, ஓடுகிற லோக்கல் ரயிலில் எழுதுகிறேன். காரப்பொரி வந்தது. ஹீரோவே ஒரு பிடி அள்ளினார். அதாவது ஹீரோவின் மேக்கப்மேன். இரண்டு பேரும் ஒரே வேனில்தான் இருப்பார்கள்.

முதலில் மங்கல் கல்யாண விஷயம். பின்னாலிருந்து பார்த்தவர்களில் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. சம்பந்திதான் அவசரப்பட்டு முன்னால் போனார். அதற்கு நான் பொறுப்பா?

இப்போது கேள். விழுந்தாயிற்று!

படப்பிடிப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? முதல் வாரம் முழுக்க ஹீரோ நடந்தார். வேறு ஒன்றும் இல்லை. நடந்தார். முன்னால் ராட்சச மின்விசிறி, பின்னால் நெருப்பு, மேலே ட்ரோன். அவர் கோட்டு பறக்கிற கோணம் சரியில்லை என்று மறுபடியும் நடந்தார். டைரக்டர் அர்மான் சூரி சின்னப் பையன். ஷாம்பு விளம்பரம் எடுத்துப் பெயர் வாங்கினவன். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவனிடம் போய், “சாப், நாங்க எதுக்கு அந்தக் கட்டடத்துல இருக்கோம்? எதைத் திருடுறோம்?” என்று கேட்டேன். நடிக்கிறவனுக்குத் தெரியவேண்டாமா?

“தாதா, அது முக்கியமில்ல.” அண்ணன் என்கிற மரியாதை மட்டும் குறையவில்லை.

“வில்லனுக்கு என்ன வேணும்?”

“அவன் ஸ்டைலிஷா இருக்கணும், அவ்ளோதான்.”

“அப்போ ஹீரோ எதுக்கு எங்கள அடிக்கிறாரு?”

“தாதா, நீங்க கண்ணாடில விழுற வெளிச்சம் மாதிரி. வெளிச்சம் கேள்வி கேக்குமா?”

நான் வெளிச்சம் என்று பட்டம் கொடுத்துவிட்டான்! இதுவரை எந்த டைரக்டரும் கொடுக்காத பட்டம்.

என் முறை வந்தது. மூன்றாவது மாடி. நான் விழுகிற இடத்தில் ஹனீஃப் மாஸ்டர் அட்டைப் பெட்டிகளைத் தானே அடுக்கினார், யாரையும் தொட விடவில்லை. கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினேன். கேதகி, நான் விழுந்த விதம் இருக்கிறதே, கீழே நின்ற நானூறு பேரும் மூச்சை நிறுத்திவிட்டார்கள். ஹெலிகாப்டர்கூட ஒரு நிமிஷம் நின்றது. டைரக்டர் “கட்! சூப்பர்!” என்றான். அடுத்த ஷாட்டுக்கு லைட்டைத் திருப்பச் சொன்னான்.

இங்கேதான் உன் மாமன் யார் என்று காட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாகிற ஷாட் எடுத்தால், செத்தவன் எழுந்து அதே கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அதையும் பிடிக்கணும். செத்ததைப் பிடித்த கேமரா உயிரோடு இருப்பதையும் பிடித்தால்தான் தோஷம் கழியும். ஃபிலிம் இருந்த காலத்தில் கஞ்சத்தனமான தயாரிப்பாளர்கள்கூட இதற்கு நாலு அடிச் சுருள் ஒதுக்குவார்கள்.

பெட்டிக்குள் படுத்தபடியே சொன்னேன், “சாப், சிரிப்பு?”

“என்ன சிரிப்பு?”

ஹனீஃப் மாஸ்டர் விளக்கினார். பையன் சிரித்தான். “மாஸ்டர், இது டிஜிட்டல். யாரும் சாக மாட்டாங்க.”

“நான் சாவேன் சாப்” என்றேன். “சிரிக்காம எந்திரிக்க மாட்டேன்.”

யூனிட்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. லைட்காரர்கள் லைட்டைத் தொடவில்லை. கேமராமேன் மங்களூர்க்காரர், வயசானவர், லென்ஸை என் பக்கம் இறக்கினார். அந்தப் பெட்டிக்குள் கிடந்தபடியே நேராகப் பார்த்துச் சிரித்தேன். உன்னை நினைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு என்னை மாலை போட்டுத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

முகம் வரும். அக்காவைப் புதுப்புடவை எடுத்துவைக்கச் சொல்.

உன் தாய்மாமன்,
கோண்டிபா மோஹிதே
(வெளிச்சம்)

★

மிரஜ்
ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். இடையில் நீங்கள் அனுப்பின இரண்டு கார்டுகளும் வந்தன. அதிலும் எழுத்து கோணல்தான். ஒன்றில் பேருந்து என்றீர்கள். ஒன்றில் ஆட்டோகிராஃப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது என்றீர்கள். மாமா, நான் ஓவியம் சொல்லித்தருகிறவள். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் சொல்வதையே நம்புகிறேன்.

ட்ரெய்லர் வந்துவிட்டது. ஆனந்தின் போனில் பார்த்தோம். நான், ஆனந்த், அம்மா. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

கோட்டு பறந்தது. கார் பறந்தது. கண்ணாடி உடைந்தது, ஆனால் மெதுவாக, நகைக்கடை விளம்பரம் மாதிரி ஒவ்வொரு துண்டும் மின்னியது. ஹீரோ திரும்பிப் பார்த்தார், மறுபடியும் திரும்பிப் பார்த்தார். ஆனந்த் கேட்டார், “உங்க மாமா எங்க?” ஹெல்மெட் போட்ட ஒருவரைக் காட்டினேன். அவர் உடனே மோட்டார் பைக்கிலிருந்து இறங்கிக் கூந்தலை அவிழ்த்துவிட்டார். கதாநாயகி.

அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். ஆனந்த்தான், “படத்துல இருப்பாரு ஆயி” என்றார். “இருப்பான், இருப்பான். முதுகு இருக்கும்” என்றாள் சமையலறையிலிருந்து.

மாமா, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பானை வரையத்தான் சொல்லித்தருவேன். எவ்வளவு அழகாக வரைந்தாலும் கீழே நிழல் போடாவிட்டால் அது தரையில் உட்காராது, மிதக்கும். அந்த ட்ரெய்லரில் எல்லாம் மிதக்கிறது. அடி வாங்குகிறவனுக்கு வலிக்கவில்லை, ஓடுகிறவனுக்கு வேர்க்கவில்லை, யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது.

உங்கள் கடிதங்களும் அப்படித்தான் மாமா. நானூறு பேர், நின்றுபோன ஹெலிகாப்டர், மாலை. படிக்கும்போது சிரிக்கிறேன். மடித்து வைத்த பிறகு, மாமா உண்மையில் எப்படி இருக்கிறார் என்று யோசித்தால் ஒன்றுமே தெரியவில்லை. நிழல் போட்ட ஒரே ஒரு வரி எழுதுங்கள். முகம் வருகிறதா, வரவில்லையா?

கராட் பாபு மாமா கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேதகி

★

கோரேகாவ்
செப்டம்பர் 19

கேதகிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கெட்டிக்காரி. அப்படியே உன் அம்மாவின் வாய்.

முகம் வருகிறதா என்று கேட்டாய். வருகிறது. ஒரு சின்ன அலங்காரம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல்கிறேன்.

அந்தேரியில் எடிட்டிங் நடக்கிற இடத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி எனக்காகத் தன் ஸ்டூலைக் கொடுத்து உட்காரவைத்தான், அவ்வளவு மரியாதை. மதியம்வரை அந்த மரியாதையிலேயே இருந்தேன். அப்புறம் எடிட்டர் டீ குடிக்க வெளியே வந்தார். கல்கத்தாப் பெண், பெயர் பிதிஷா. குட்டையான முடி, பெரிய கண்ணாடி. நான் எழுந்து வணக்கம் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க... மூணாவது மாடி?”

பார்த்தாயா? முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது!

உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினார். நான் ஓடி வருகிறேன், உடைக்கிறேன், விழுகிறேன். விழுவது அருமை, நானே சொல்லக் கூடாது. ஆனால் முகத்தில் ஒரு கருப்பு முகமூடி. நான் எந்த முகமூடியும் போடவில்லை, கேதகி. என்ன ஆயிற்று என்றால், படம் எடுத்து முடித்த பிறகு டைரக்டருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அடியாட்கள் எல்லோரும் ஒரே மாதிரி கருப்பு முகமூடி போட்டால் ஸ்டைலாக இருக்குமாம். ஒவ்வொருத்தன் மூஞ்சியும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் ‘லுக்’ கெட்டுப்போகுமாம். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் போட்டுவிட்டார்கள்.

“மேடம், கொஞ்சம் நழுவின மாதிரி வைக்க முடியாதா? ஒரு கன்னம் தெரிஞ்சாக்கூடப் போதும்.”

“முடியாது தாதா. லிஸ்ட் போட்டு ஒவ்வொரு ஷாட்டா அனுப்பியாச்சு. மாஸ்க் போட்டுத்தான் திரும்பி வந்திருக்கு.”

“அப்போ சரி” என்றேன். நல்ல முகமூடி. தங்கக் கோடெல்லாம் போட்டு, விலை கூடினதாகத்தான் இருக்கும்.

எழுந்திருக்கும்போது அந்தப் பெண், “கட் சொன்ன அப்புறம் நீங்க சிரிக்கிறீங்களே, எதுக்கு? நான் அதைப் பல தடவை ஓட்டிப் பாத்தேன், புரியல” என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். அப்புறம் உன் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு ஐயர் மந்திரம் சொல்லும்போது, பெண்ணுக்குப் பின்னால் மாமன் நிற்பான் என்று சொன்னேன். கராட் பாபுவின் கோட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் டீ ஆறிப்போய்விட்டது. இப்போது அவரும் நானும் ஒரே குடும்பம் மாதிரி.

ஆக, முகம் இருக்கிறது, முகமூடிக்கு உள்ளே. கூர்ந்து பார்த்தால் நான் என்று தெரியும். நடையில் தெரியும். அக்காவை முன்வரிசையில் உட்காரவை.

உன் மாமன்,
கோண்டிபா

பி.கு.: பாபுவுக்கு எந்த நிறத்தில் கோட்டு? பழுப்பு என்றால் வேண்டாம் என்று சொல். மேடையில் எடுபடாது.

★

மிரஜ்
நவம்பர் 6

மாமா,

நமஸ்காரம் எல்லாம் கடைசியில். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள், முதல் காட்சி. ஸ்டேஷன் ரோடு தியேட்டர். நான், ஆனந்த், அம்மா, மங்கல் அக்கா, அவள் மாமியார், கராட் பாபு மாமா. பாபு மாமா புதுக்கோட்டிலேயே வந்துவிட்டார். பழுப்புதான். அம்மா முன்வரிசைக்கு வரமாட்டேன் என்று ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள், சீக்கிரம் எழுந்து போக வசதியாக.

படத்தைப் பற்றி என்ன சொல்ல. ஹீரோ நடந்தார். எதற்கு நடக்கிறார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. ஒரு பெட்டிக்காக மூன்று நாட்டில் சண்டை, பெட்டியில் என்ன என்று சொல்லவே இல்லை. முகமூடிகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. முதலில், “இது மாமாவா, அதோ மாமாவா” என்று ஆனந்த் தேடினார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். எல்லாம் ஒன்று போலவே இருந்தது. மங்கல் அக்காவின் மாமியார் இருட்டில் சொன்னார், “எல்லாம் டூப்பா இருக்கு.” இடைவேளையில் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். “போலாமா?” நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அப்புறம் அந்தக் கட்டடம். ஒரு முகமூடி ஓடி வந்தது, கண்ணாடியை உடைத்தது, விழுந்தது. நீங்கள் சொன்னது சரி. அந்த நடை எனக்குத் தெரிந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த நொடி திரை முழுக்க உங்கள் முகம்.

முகமூடி இல்லை. பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறீர்கள், முடியில் கண்ணாடித் தூள், நேராக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். ஓட்டைப்பல் தெரிய. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சம்பந்தமும் இல்லை. உடனே வெடி வெடித்து வேறு காட்சிக்குப் போய்விட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு கண் சிமிட்டுகிற நேரத்துக்கு இல்லை மாமா, பார்த்து முடிக்கிற அளவுக்கு நிதானமாக இருந்தது. முகமூடி போட அனுப்பின லிஸ்டில் அது இருந்திருக்காது, ஏனென்றால் அது கட் சொன்ன பிறகு எடுத்தது, ஷாட்டே இல்லை. அந்தக் கல்கத்தாப் பெண் அதை எடுத்து அங்கே வைத்திருக்கிறாள். படம் முழுக்க உயிரோடு இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். தியேட்டர் விசிலடித்தது. எதற்கு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். “கோண்டீ!” என்று கத்தினாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாபு மாமா, “அக்கா, அவன்தான், அவனேதான்” என்று அவரும் எழுந்துவிட்டார். அவர் நல்ல மனுஷர் மாமா. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் மிச்சப் படத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மங்கல் அக்காவின் மாமியார்கூட, “அசல்தான் போல” என்றார். நான், அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் அழுதாள்.

“ஏம்மா?”

“அவனுக்கு வலிக்குதுடி.”

“சிரிக்கிறாரேம்மா.”

“உனக்கு என்ன தெரியும்? நான் பூரிக்கட்டைய வீசி அந்தப் பல்லு போச்சே, அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சான். அம்மா என்னைய அடிக்கக் கூடாதுன்னு சிரிச்சான். ரெண்டு நாளு சோறு தின்ன முடியல, அப்பவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சிரிச்சான். வலிச்சாத்தான் அவன் அவ்ளோ பெருசா சிரிப்பான்.”

மாமா, வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து எல்லாம் இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற ரயில் இல்லை. மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அவ்வளவு அலங்காரம் பண்ணுகிறீர்கள். சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்றை மட்டும் மறைத்துவிட்டீர்கள்.

அம்மா சொல்லச் சொன்னது, வார்த்தை மாறாமல்: “டிசம்பர் எட்டாந்தேதியே வந்து சேரச் சொல்லு. கூட யாரையும் கூட்டிட்டு வர வேணாம். கையா, தோளான்னு எழுதச் சொல்லு, எண்ணெய் காய்ச்சி வைக்கிறேன்.”

இப்போது நமஸ்காரம்.

உங்கள் கேதகி

★

கோரேகாவ்
நவம்பர் 14

என் கேதகிக்கு,

வலது தோள்.

நிழல் போட்ட ஒரு வரி கேட்டாயே. வலித்தது. இப்போதும் குளிர் நாளில் வலிக்கிறது. எழுதிவிட்டேன். இனிமேல் இந்த மாதிரி வரி கேட்காதே, எழுதவே சுவாரசியம் இல்லை.

கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக ஹனீஃப் மாஸ்டரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா கோண்டீ என்று கத்தின இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிதிஷா மேடத்துக்கு லட்டு கொண்டுபோனேன். காவலாளி இந்தத் தடவை ஸ்டூல் போடவில்லை, நேராக உள்ளே விட்டான். “அதை ஏன் மேடம் வெச்சீங்க?” என்று கேட்டேன். “டைரக்டர் சார் பாத்துட்டு, வாவ், என்ன ஒரு ஸ்டைல்னு சொன்னாரு. நானும் ஆமா சார்னுட்டேன்” என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடைக்காரன், இஸ்திரிக்காரன், எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துக் காட்டவேண்டியிருக்கிறது. நாலு பேர் என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் நானூறு என்றே வைத்துக்கொள்.

வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஆனால் உனக்குப் பின்னால் நிற்க அது வேண்டாம். இடது கையை உன் தோளில் வைத்துக்கொள்வேன். அக்காவிடம் எண்ணெய் கொஞ்சம் கூடவே காய்ச்சச் சொல். பாபுவை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே வரச் சொல், எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் எடுபடும்.

போட்டோக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. என்னை முன்னாலிருந்து எடுக்கட்டும். இவ்வளவு வருஷம் பின்னாலிருந்து எடுத்தது போதும்.

எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஹீரோ தானும் வருகிறேன் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இது எங்கள் வீட்டு விசேஷம், அசல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

உன் மாமா